அன்னையர் சுமந்த பழி: ஓட்டிசம் அறியப்பட்ட வரலாறு

பிரான்சு தேசத்தின் தென்பாகத்திலே, அவெய்ரோன் என்னும் மலைப்பிரதேசத்தில், 1800 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்துக் கடுங்குளிரிலே, ஏறக்குறையப் பன்னிரண்டு வயதுடைய சிறுவன் ஒருவன் ஊரவர் கையிற் சிக்கினான். பேச்சறியாதவன், கந்தலன்றி வேறு உடை இல்லாதவன், காட்டிலே வேரும் கிழங்கும் தின்று திரிந்தவன். அவனைப் பாரிஸ் நகருக்குக் கொண்டுசென்று, செவிப்புலனற்றோர் பயிலும் கல்விக்கூடத்திலே சேர்த்தனர். அக்காலத்துப் பேர்பெற்ற உளமருத்துவரான பிலிப் பினெல் அவனை ஆராய்ந்து, இவன் பிறவியிலேயே அறிவு குன்றியவன், இவனைத் திருத்த முனைவது வீண் என்று முடிவு கூறினார். அம்முடிவை ஏற்க மறுத்தவர் இத்தார் என்னும் இருபத்தாறு வயது இளம் மருத்துவர் ஒருவரே.

இத்தார் அச்சிறுவனுக்கு விக்தோர் என்று பெயரிட்டு, ஐந்தாண்டுகள் வரை அயராது கற்பித்தார். பால் என்னும் சொல்லுக்குரிய நான்கு எழுத்துக்களையும் மேசைமீது ஒழுங்காக அடுக்கிப் பால் கேட்க விக்தோர் பழகினான். ஆயினும் மக்கள் பேசும் பேச்சு அவனுக்கு வாய்க்கவேயில்லை. இத்தார் எழுதிய இரண்டாவது அறிக்கையிலே ஒரு செய்தி உண்டு. விக்தோரைப் பராமரித்த கெரன் என்னும் அம்மையாரின் கணவர் இறந்துவிட்டார். அதையறியாத விக்தோர் வழமைபோல அவருக்கும் உணவுத்தட்டை வைத்தான். அம்மையார் அழுதார். அவ்வழுகையைக் கண்டவன் தட்டை மெல்ல எடுத்து அலுமாரியில் வைத்தான். பின்னர் ஒருநாளும் அத்தட்டை அவ்விடத்தில் வைத்தானல்லன். பிறர் துயரை உணரமாட்டாதவன் என்று எண்ணப்பட்ட பிள்ளையின் செயல் இது. விக்தோர் 1828 ஆம் ஆண்டு மறையும்வரை அவ்வம்மையாரே அவனைக் காத்துவந்தார்.

இக்காலத்து அறிஞர் சிலர், விக்தோர் ஓட்டிசம் உடைய பிள்ளையாக இருந்திருக்கலாம் என்று கருதுவர். ஓட்டிசத்தைத் தமிழில் மதியிறுக்கம் என வழங்குவாரும் உளர். இருநூறாண்டுக்கு முந்திய பிள்ளைக்கு இன்று நோய்ப்பெயர் சூட்டுதல் எளிதன்று. ஆனால் அப்பிள்ளையைச் சுற்றி எழுந்த வினா இன்றும் மாறவில்லை: இது பிறவியின் விளைவா, வளர்ப்பின் விளைவா? இவ்வினாவுக்கு விடைகாணும் வழியிலே, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பல்லாயிரம் தாய்மார் தாம் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்தனர். அக்கதையே ஈண்டு விரித்துரைக்கத்தக்கது.

ஓட்டிசம் என்னும் சொல் முதலிற் குழந்தைகளைக் குறித்து எழுந்ததன்று. தன் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து, சுவிற்சர்லாந்து உளமருத்துவரான ஒய்கன் புளொய்லர் அதனை ஆக்கினார். மனச்சிதைவு நோயாளர் வெளியுலகை விட்டுத் தம்முள்ளே ஒடுங்கும் நிலையைக் குறிக்கவே 1911 ஆம் ஆண்டளவில் அவர் அதனைக் கையாண்டார். பிள்ளைகளின் தனிப்பட்ட ஒரு நிலைக்கு அது பெயராகி நிலைத்தது 1943 ஆம் ஆண்டிலேதான்.

அதற்கு ஐந்தாண்டு முன்னதாக, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலே பொறெஸ்ற் என்னும் சிறு பட்டினத்திலிருந்து ஒரு கடிதம் புறப்பட்டது. எழுதியவர் பீமன் றிப்ளெற் என்னும் சட்டத்தரணி. தம் மகன் டொனால்டைப் பற்றி 33 பக்கங்கள் எழுதியிருந்தார். டொனால்ட் 1933 ஆம் ஆண்டு செப்டெம்பரிற் பிறந்தவன். ஒரு வயதிலேயே பாட்டுக்களின் மெட்டைப் பிழையின்றி முணுமுணுத்தான். இரண்டு வயதிலே விவிலியச் சங்கீதமொன்றையும், சமய வினாவிடைகள் இருபத்தைந்தையும் மனனமாக ஒப்புவித்தான். ஆனால் தாய் அழைத்தால் திரும்பிப் பாரான். தந்தை வீடு வந்தால் நிமிர்ந்து நோக்கான். வட்டமான எப்பொருளையும் தரையிலே சுழலவிட்டு மகிழ்வான். அதனை எவரேனும் தடுத்தால் அலறுவான். ‘நான்’ என்னவேண்டிய இடத்திலே ‘நீ’ என்பான். ஆம் என்று சொன்னால் தோளிலே தூக்குவேன் என்று தந்தை ஒருமுறை கூறியதனால், நெடுநாள் வரை ஆம் என்னும் சொல் தோளிலே தூக்கு என்பதையே அவனுக்குக் குறித்தது.

மூன்று வயது கடந்து நான்கு நிரம்புமுன், மருத்துவர் ஆலோசனைப்படி பெற்றோர் அவனை வீட்டைவிட்டு வெகுதூரத்திலிருந்த ஒரு விடுதியிற் சேர்த்தனர். அக்காலத்து வழமை அதுவே. மாதத்தில் இரண்டு முறை மட்டும் பார்வையிட அனுமதி கிடைத்தது. பிள்ளை அங்கே உணவையும் விளையாட்டையும் வெறுத்து, ஒரு மூலையிலே அசைவற்று அமர்ந்திருந்தான். ஏறத்தாழ ஓராண்டு கழிந்தபின், அங்குள்ள மேலாளர் தடுத்தும் கேளாமல், பெற்றோர் 1938 ஆம் ஆண்டில் அவனை வீட்டுக்கு மீட்டுவந்தனர். அன்று அவர்கள் அவ்வாறு செய்யாதிருந்தால் இவ்வரலாறு வேறு வழியிற் சென்றிருக்கும் என்பதில் ஐயமில்லை.

அக்கடிதம் சென்று சேர்ந்தது பால்ற்றிமோர் நகரிலே, ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் இருந்த லியோ கானர் என்பவரிடம். 1894 ஆம் ஆண்டு அன்றைய ஒஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசின் கிழக்கெல்லைக் கிராமமொன்றிலே யூதக் குடும்பத்திற் பிறந்து, 1924 ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் குடியேறியவர் அவர். குழந்தைகளின் உளமருத்துவம் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த முதற் பெருநூலை 1935 ஆம் ஆண்டில் எழுதியவரும் அவரே. அத்தகையவர் டொனால்டைப் பார்த்தபோது தாம் கற்ற எந்தப் பெயரும் அவனுக்குப் பொருந்தக் காணவில்லை. பொருந்தாத பெயரை வலிந்து சூட்டாமற் காத்திருந்தமை அவரது பெருமை. ஐந்தாண்டுகளில் அவ்வாறான பதினொரு பிள்ளைகளைக் கண்டார். எட்டு ஆண், மூன்று பெண். 1943 ஆம் ஆண்டு வெளியான அவர் கட்டுரையிலே முதலாவது பிள்ளை டொனால்ட். தனித்திருக்கும் விருப்பும், எதுவும் மாறாதிருக்கவேண்டும் என்னும் பிடிவாதமும் இப்பிள்ளைகளின் முதன்மைக் குறிகள் என்று கானர் எழுதினார். மற்றவரோடு உறவு கொள்ளும் ஆற்றலில் உள்ள இக்குறை பிறவியிலேயே அமைந்தது என்றும் அக்கட்டுரையின் முடிவிலே தெளிவாக உரைத்தார்.

இத்தகைய பிள்ளைகளைக் கண்டவர் கானர் ஒருவர் அல்லர். கியேவ் நகரிற் பிறந்த குரூனியா சுகாரெவா என்னும் பெண் மருத்துவர், மொஸ்கோவிலே ஆறு சிறுவரைப் பற்றி 1925 ஆம் ஆண்டிலேயே நுணுக்கமாக எழுதியிருந்தார். உருசிய மொழியிலும், அடுத்த ஆண்டு ஜெர்மன் மொழியிலும் அக்கட்டுரை வெளிவந்தது. ஆயினும் 1996 வரை ஆங்கிலம் மட்டும் அறிந்தோர் அதனைப் படிக்க வாய்ப்பிருக்கவில்லை. அறிவுலகிலும் மொழி ஒரு மதிலாகி விடுவதற்கு இதனினும் நல்ல சான்று தேடவேண்டியதில்லை.

வியன்னா நகரிலே ஹான்ஸ் அஸ்பேகர் என்னும் மருத்துவரும் 1944 ஆம் ஆண்டில் நான்கு சிறுவரைப் பற்றி எழுதினார். பேச்சு வளமும் தனித்திறமைகளும் உடைய இப்பிள்ளைகளைச் சின்னஞ்சிறு பேராசிரியர்கள் போல்வர் என்று அவர் வருணித்தார். நாட்சிகள் ஆட்சியிலே ஊனமுற்ற பிள்ளைகளைக் காத்த நல்லவர் என்று நெடுங்காலம் அவர் போற்றப்பட்டார். 2018 ஆம் ஆண்டிலே ஹேவிக் செக் என்னும் வரலாற்றாசிரியர் பழைய ஏடுகளைப் புரட்டி உண்மையை வெளியிட்டார். ஊனமுற்ற பிள்ளைகள் கொல்லப்பட்ட ஸ்பீகல்குரூன்ட் என்னும் நிலையத்துக்குப் பிள்ளைகளை அனுப்புமாறு எழுதியவர்களுள் அஸ்பேகரும் ஒருவர். 1941 ஆம் ஆண்டு அவ்வாறு அனுப்பப்பட்ட சிறுமி ஒருத்தி, தன் மூன்றாவது பிறந்தநாளுக்கு மறுநாள் அங்கே இறந்தாள். அந்நிலையத்தில் மாண்ட பிள்ளைகள் ஏறத்தாழ 800 பேர். அஸ்பேகரின் பெயரால் ஒரு நோய்நிலை வழங்கப்படுவதைப் பலர் இப்பொழுது விரும்பாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, பழியின் கதைக்கு வருவோம். கானர் தம் கட்டுரையிலே பிறவிக் குறை என்று எழுதியவர்தாம். ஆனால் அதே கட்டுரையிலே, இப்பிள்ளைகளின் பெற்றோருள் உள்ளம் கனிந்தவர் மிகச் சிலரே என்றும் குறித்துவைத்தார். அவரிடம் வந்த பெற்றோர் பெரும்பாலும் வைத்தியர், சட்டத்தரணி, பேராசிரியர் போன்றோர். இதற்குக் காரணம் வெளிப்படை. 33 பக்கம் எழுதவும், நெடுந்தூரம் புகையிரதத்திற் பயணஞ்செய்து பால்ற்றிமோரில் ஒரு நிபுணரைக் காணவும் அக்காலத்தில் வேறு யாரால் இயன்றிருக்கும்? ஏழைக் கமக்காரனின் பிள்ளை அவ்வாசலை மிதிக்கவேயில்லை. கண்ட பிள்ளைகளைக் கொண்டு காணாத பிள்ளைகளையும் அளந்தமையே இங்கு நேர்ந்த தவறு. 1940 களின் பிற்பகுதியிலே கானர் தாமே பெற்றோரின் குளிர்ந்த உள்ளத்தைப் பற்றி மேலும் அழுத்தி எழுதலானார்; செய்தி ஏடுகளும் அதனை விரும்பிப் பரப்பின. குளிர்ப்பெட்டித் தாய் என்னும் கொடுஞ்சொல் இவ்வாறு பிறந்தது.

அச்சொல்லுக்கு வலிமை சேர்த்தவர் புறூனோ பெற்றல்ஹைம். வியன்னாவிற் பிறந்து, 1938 ஆம் ஆண்டு நாட்சிகளால் டாக்கவ், புக்கன்வால்ட் என்னும் வதைமுகாம்களில் அடைக்கப்பட்டு, விடுதலைபெற்று அமெரிக்கா சேர்ந்தவர். சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த விடுதிப் பாடசாலையொன்றை 1944 முதல் நடத்திவந்தார். முகாமிலே நம்பிக்கையிழந்து தம்முள் ஒடுங்கிய கைதிகளை அவர் கண்டிருந்தார். ஓட்டிசம் உடைய பிள்ளையும் அத்தகைய கைதியே, அவ்வாறாயின் அப்பிள்ளையின் வீடு முகாம், தாயே காவலாள். 1967 ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய நூல் இவ்வாதத்தையே விரித்தது. தாம் பட்ட துன்பத்தை அளவுகோலாகக் கொண்டு பிறர் வீட்டை அளந்த இம்மனிதரைப் பற்றி இரங்குவதா, சினப்பதா என்று இன்றும் வரலாறு எழுதுவோர் தடுமாறுவர். அவர் எழுத்து இனிமையானது, பேச்சுக் கவர்ச்சியானது, சான்றுதான் இல்லை.

இதனால் விளைந்தது யாது? பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்தலே மருந்து என்று கூறப்பட்டது. பிள்ளைக்குச் சிகிச்சை தேடிச் சென்ற தாய், தானே உளமருத்துவத்துக்கு ஆளானாள். என் மூத்த பிள்ளைகளையும் இவ்வாறே வளர்த்தேன், அவர்கள் நன்றாக இருக்கின்றார்களே என்று அவள் கேட்டால், அக்கேள்வியே அவள் உள்மனத்து வெறுப்புக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. மறுத்தாலும் குற்றம், மௌனமாக இருந்தாலும் குற்றம் என்னும் வழக்கு இது. அயலவர்க்கும் உறவினர்க்கும் முன்னே அவள் தலைகுனிந்தாள். எம்மவரிடையே வினைப்பயன் என்றும் கண்ணூறு என்றும் கூறிப் பெற்றவளைக் குறைசொல்லும் வழக்கம் உண்டு. மேனாட்டிலே அதே பழி விஞ்ஞானத்தின் உடையணிந்து வந்தது.

இக்கோட்டையைத் தகர்த்தவர் உளமருத்துவர் அல்லர். அமெரிக்கக் கடற்படையிலே உளவியலாளராகப் பணியாற்றிய ஒரு தகப்பன். பேனாட் றிம்லண்ட் என்பது அவர் பெயர். 1956 ஆம் ஆண்டு பிறந்த அவருடைய மகன் மார்க் ஓயாது அழுதான். எடுத்து அணைத்தாலும் ஆறுதலடைந்தானல்லன். தம் மனைவி குளிர்ந்த உள்ளம் உடையவள் என்பதை றிம்லண்டால் நம்ப முடியவில்லை. நம்பாமல் இருப்பது எளிது, நிறுவுவதே அரிது. அவர் கிடைத்த கட்டுரைகள் அனைத்தையும் பல ஆண்டுகள் தேடிப் படித்தார். 1964 ஆம் ஆண்டு அவர் நூல் வெளிவந்தது. இப்பிள்ளைகளின் பெற்றோரிற் பலருக்கு வேறு நலமுள்ள பிள்ளைகள் உளர். ஆண் பிள்ளைகளிடம் இது மிகுதி. ஒரே கருவிலிருந்து பிறக்கும் இரட்டையர் இருவரும் இதற்கு ஆளாகின்றனர். பிள்ளை பிறந்த நாள்முதலே வேறுபாடு தோன்றுகின்றது. இவற்றுள் எதனைத் தாயின் மனப்பான்மையால் விளக்க இயலும் என்று அவர் வினவினார். மூளையின் அமைப்பிலேயே காரணத்தைத் தேடவேண்டும் என்பது அவர் முடிவு. அந்நூலுக்கு முன்னுரை வழங்கியவர் கானர் என்பது குறிப்பிடத்தக்கது. நூலின் பின்னிணைப்பிலே பெற்றோர்க்கான வினாப்பட்டியலொன்றும் இருந்தது. அதனை நிரப்பி அனுப்பிய பெற்றோரின் கடிதங்கள் நாடெங்கிலுமிருந்து வந்து குவிந்தன. 1965 ஆம் ஆண்டு அவர்கள் ஒரு சங்கமாக ஒன்றுகூடினர்.

1969 ஆம் ஆண்டு அச்சங்கத்தின் கூட்டத்திலே முதியவரான கானர் எழுந்து, பெற்றோராகிய உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கின்றேன் என்னும் கருத்துப்படப் பேசினார். தாம் என்றுமே இது பிறவியில் அமைந்தது என்றே கூறிவந்ததாகவும் சொன்னார். இது முழு உண்மையன்று. ஆயினும் அரங்கில் இருந்த பெற்றோர் அதனைப் பொருட்படுத்தவில்லை. எழுந்துநின்று ஆரவாரித்தனர்.

தீர்ப்புக்குச் சான்று 1977 ஆம் ஆண்டிலே இலண்டனிலிருந்து வந்தது. சூசன் போல்ஸ்ரைன், மைக்கல் றட்டர் என்னும் இருவர் 21 சோடி இரட்டையரை ஆராய்ந்தனர். ஒரு கருவிலிருந்து பிறந்த பதினொரு சோடிகளில் நான்கிலே இருவருக்கும் ஓட்டிசம் இருந்தது. இரு கருவிலிருந்து பிறந்த பத்துச் சோடிகளில் ஒன்றிலேனும் அவ்வாறில்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் மரபணுவே பெரும் பங்கு கொள்வது என்பதைப் பின்வந்த பேராய்வுகள் பலவும் உறுதிசெய்தன.

இலண்டனிலேயே லோர்ணா விங் என்னும் மருத்துவர், தாமும் ஓட்டிசம் உடைய மகளுக்குத் தாயானவர், ஜூடித் கூல்ட் என்பாரோடு சேர்ந்து கம்பவெல் பகுதியின் பிள்ளைகளைத் தேடி ஆராய்ந்தார். வாசலுக்கு வந்தவர்களை மட்டும் நோக்காமல் ஊர் முழுவதையும் நோக்கியமையே அவ்வாய்வின் சிறப்பு. கானர் வருணித்தபடி அமைந்தோர் பதினாயிரவருக்கு ஐவர் அளவினரே. ஆனால் உறவாடலிலும் தொடர்பாடலிலும் கற்பனையிலும் அதே வகைக் குறையுடையோர் பதினாயிரவருக்கு இருபதின்மருக்கு மேற்பட்டனர் என்று 1979 ஆம் ஆண்டில் இருவரும் வெளியிட்டனர். இது ஒரு தனி நோயன்று, பல நிறம் கலந்த வானவில் போன்ற நிறமாலை என்னும் கருத்து இங்கிருந்தே வளர்ந்தது. 2013 ஆம் ஆண்டு அமெரிக்க உளமருத்துவர் கையேடு, அஸ்பேகர் நிலை உட்பட அனைத்தையும் நிறமாலை என்னும் ஒரே பெயரின் கீழ்க் கொணர்ந்தது. வரைவிலக்கணம் விரிந்தமையும் மக்கள் விழிப்படைந்தமையும் எண்ணிக்கை பெருகியதற்குப் பெருங் காரணங்களாம்.

மற்றைய வளர்ச்சிக் குறைபாடுகளின் வரலாறும் இவ்வாறே நடந்தது. பார்வையும் அறிவும் நன்றாக இருந்தும் வாசிக்கமாட்டாத பதினான்கு வயதுச் சிறுவனை இங்கிலாந்து மருத்துவர் பிறிங்கிள் மோர்கன் 1896 ஆம் ஆண்டிலே விவரித்தார். அத்தகைய பிள்ளைகள் அதன் பின்னரும் பல்லாண்டுகள் சோம்பேறிகள் என்று பிரம்படி பட்டனர். ஓரிடத்தில் இருக்கமாட்டாத பிள்ளைகளைப் பற்றி 1902 ஆம் ஆண்டு உரையாற்றிய ஜோர்ஜ் ஸ்ரில், அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே வருணித்தார். லாங்டன் டவுன் 1866 ஆம் ஆண்டில் விவரித்த நிலைக்கு, ஒரு நிறமூர்த்தம் மிகுந்திருப்பதே காரணம் என்பது 1959 ஆம் ஆண்டிலேதான் வெளிப்பட்டது.

பழி மீண்டும் ஒருமுறை வேறுருவம் கொண்டது. 1998 ஆம் ஆண்டு அன்றூ வேக்பீல்ட் என்னும் ஆங்கிலேய மருத்துவர், பன்னிரண்டு பிள்ளைகளைப் பற்றிய கட்டுரையொன்றைக் கொண்டு, சின்னமுத்து முதலிய நோய்களுக்கான முக்கூட்டுத் தடுப்பூசி மீது ஐயத்தைக் கிளப்பினார். 2010 ஆம் ஆண்டு அக்கட்டுரை மீளப்பெறப்பட்டது. அவர் மருத்துவர் பதிவிலிருந்தும் நீக்கப்பட்டார். டென்மார்க்கிலே 657,461 பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்து 2019 ஆம் ஆண்டு வெளியான முடிவு, அத்தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை என்பதே. தாய்மாரை விடுவித்த றிம்லண்டே தம் பிற்காலத்தில் இத்தடுப்பூசிக் கருத்தைத் தழுவினார் என்பது வருந்தத்தக்கது. ஒரு பொய்யைத் தகர்த்தவர் மற்றொன்றுக்கு இடங்கொடுத்தார்.

இலங்கையிலும் இது பற்றிய ஆய்வு நிகழ்ந்துள்ளது. பதினெட்டு முதல் இருபத்துநான்கு மாதப் பிள்ளைகளை ஒரு புறநகர்ப் பகுதியிற் பரிசோதித்து 2009 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலே, 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்னும் வீதம் காணப்பட்டது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, விரும்பிய பொருளை விரலாற் சுட்டிக் காட்டாமை, கண்ணோடு கண் நோக்காமை, கற்ற சொற்களை இழத்தல் ஆகியன இரண்டு வயதுக்குள்ளேயே தென்படக்கூடிய குறிகள். இவற்றைக் காணும் பெற்றோர் வளர்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திராது குடும்பச் சுகாதார உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ காட்டுதல் வேண்டும். ஓட்டிசத்தை நீக்கும் மருந்து எதுவும் இல்லை. பேச்சுப் பயிற்சியும், விளையாட்டினூடே உறவாடப் பழக்குதலும், படங்களைக் கொண்டு நாளாந்த ஒழுங்கை விளக்குதலும் இளமையிலே தொடங்கினாற் பெரும்பயன் தரும்.

டொனால்டுக்கு இவற்றுள் எதுவும் கிடைக்கவில்லை. எனினும் வேறொன்று கிடைத்தது. 1942 ஆம் ஆண்டு பெற்றோர் அவனை ஊருக்கு அண்மையில் இருந்த ஒரு கமக்காரத் தம்பதியினரிடம் விட்டனர். அவர்களுக்கு உளவியல் தெரியாது. சிறுவன் ஓயாது அளக்கின்றான் என்று கண்ட கமக்காரன் அவனைக் கொண்டு கிணறு தோண்டி ஆழத்தை அளப்பித்தான். எண்ணிக்கொண்டேயிருக்கின்றான் என்று கண்டபோது, உழுதுகொண்டே சோளவரிசைகளை எண்ணுமாறு ஏவினான். 1945 ஆம் ஆண்டு அங்கு சென்ற கானர், சிறுவன் குதிரை பூட்டி உழுவதையும், சால் முடியுமிடத்திற் குதிரையைத் திருப்புவதையும் நேரிற் கண்டு வியந்தார். எந்த வைத்தியசாலையும் செய்யாததை அக்கமக்காரத் தம்பதியினர் செய்துவிட்டனர் என்று கூறுவது மிகையாகாது.

டொனால்ட் ஊர்ப் பாடசாலையிற் பயின்றான். பாடசாலைச் சுவரில் எத்தனை செங்கல் என்று தோழர் கேட்டதற்கு அவன் உடனே ஒரு தொகை சொன்னதாகவும், அதனால் அவன் புகழ் ஓங்கியதாகவும் ஒரு கதை உண்டு. அத்தொகை வெறுங்கற்பனை, அவர்கள் தன்னை நல்லவிதமாக எண்ணவேண்டும் என்றே சொன்னேன் என்று முதுமையிலே அவர் ஒப்புக்கொண்டார். 1958 ஆம் ஆண்டு பிரெஞ்சு மொழியிற் பட்டம் பெற்று, தாய்வழிக் குடும்பத்தாருக்கு உரிய வங்கியிலே பணியில் அமர்ந்தார். மகிழூர்தி ஓட்டினார், கோல்ப் ஆடினார், தனியாகவே பல நாடுகளைச் சுற்றிவந்தார். அவர் வாழ்க்கையை எழுத 2010 ஆம் ஆண்டளவில் இரு பத்திரிகையாளர் பொறெஸ்றுக்குச் சென்றபோது, டொனாலுக்குத் துன்பம் விளைத்தால் உங்களைத் தேடிவருவோம் என்று ஊரவர் பலர், ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமலே, அவர்களை எச்சரித்தனர். 2023 ஆம் ஆண்டு ஜூன் மாதம், தம் 89 ஆவது வயதிலே, அதே ஊரில், தாம் பிள்ளையாக மீட்டுவரப்பட்ட அதே வீட்டிலே நெடுங்காலம் வாழ்ந்த அவர் காலமானார்.